பாசிக்குக் கட்டிய நூல்

பாகூருக்குத் தெற்கே, எங்கள் ஊர் அய்யனார் தோப்பில், புயலில் சாய்ந்த நாவல் மரம் ஒன்று கிடக்கிறது. கல்யாணம் தள்ளிப்போகிற பெண்களின் வீட்டார் வெள்ளிக்கிழமைகளில் வந்து அதற்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, நூல் கட்டிவிட்டுப் போகிறார்கள். நெட்டப்பாக்கம், வில்லியனூர் பக்கத்திலிருந்தெல்லாம் வேன் பிடித்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். மரத்துக்கு மேலே தகரக் கூரை போட்டாயிற்று. சுற்றிலும் டைல்ஸ் பதித்தாயிற்று. காலங்காலமாக நடந்து வரும் வழக்கம் என்று பூசாரி எல்லோரிடமும் சொல்கிறார். அந்தக் காலங்காலத்தை ஒன்பது வயதில் நான்தான் தொடங்கி வைத்தேன். இதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அந்தப் புயல் மார்கழிக் கடைசியில் வந்தது. ஊரில் தென்னை, பலா, முந்திரி எதுவும் மிஞ்சவில்லை. அடுத்த ஒரு மாதம் எங்கே திரும்பினாலும் மரம் அறுக்கும் மெஷினின் சத்தம்தான். விழுந்ததெல்லாம் துண்டு துண்டாக லாரி ஏறிப் போனது. தோப்புக்குள் விழுந்தவை மட்டும் விழுந்தபடியே கிடந்தன. எங்கள் தோப்புக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. உள்ளே உதிர்ந்த குச்சியைக்கூட வெளியே எடுத்து வரக் கூடாது. இரும்பு உள்ளே போகக் கூடாது. புல் அறுக்க வருகிறவர்கள் அரிவாளை வேலிக்கு வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைவார்கள். அதனால் அந்த நாவல் மரம் வேரோடு மல்லாந்து கிடந்து, ஒரு வெயில் காலம் காய்ந்து, ஒரு மழைக்காலம் நனைந்து, மெல்லப் பாசி பிடித்தது. அந்தப் பாசிக்காகத்தான் அத்தை அங்கே போக ஆரம்பித்தாள்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. அவளுக்குப் பன்னிரண்டு வயதாகும்போது தாத்தாவும் பாட்டியும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அதே வருஷம் அம்மா இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தாள். புகுந்த வீட்டில் தான் செய்த முதல் வேலையே அத்தையின் தலையில் பேன் பார்த்ததுதான் என்று அம்மா சொல்வாள். நான் பிறக்க ஆறு வருஷம் ஆனதால் அதுவரை அம்மாவுக்குப் பிள்ளை, தோழி எல்லாம் அத்தைதான். அவளைப் படிக்க வைக்கச் சொல்லி அப்பாவிடம் மல்லுக்கு நின்றதும் அம்மாதான். ஆனால் படிப்பு இப்படி முடிவில்லாமல் போகும் என்று அம்மா எதிர்பார்க்கவில்லை. அத்தை புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் சேர்ந்து எம்.எஸ்ஸி. முடித்து, அதற்கு மேலும் ஏதோ ஆராய்ச்சி என்று தினமும் பஸ் ஏறிக்கொண்டிருந்தாள். வயது இருபத்தேழு ஆகிவிட்டிருந்தது.

தங்கச்சி என்ன படிக்கிறது என்று யாராவது கேட்டால் அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, "தாவரம்" என்பார். பாசி என்று சொல்ல அவருக்கு வாய் வராது. எங்கள் ஊரில் பாசி என்றால் கிணற்றடியில் வழுக்கி விழ வைப்பது, பொங்கலுக்கு முன்னால் சுரண்டிப் போட வேண்டியது. அதைப் படிக்க ஒரு பெண் கல்யாணத்தைத் தள்ளிப்போடுகிறாள் என்று எப்படிச் சொல்வது? மரப்பட்டையில் வெள்ளையும் சாம்பலுமாகத் திட்டுத் திட்டாகப் படர்கிறதே, அதையும் அத்தை படித்தாள். அவள் அதற்கு லைக்கன் என்று பெயர் சொன்னாள். மரத்துக்கு வந்த தேமல் என்று அம்மா சொன்னாள். தேமலுக்கு மருந்து போடுவார்கள், இவள் ஸ்கேல் வைத்து அளக்கிறாளே என்று அம்மாவுக்கு வருத்தம்.

விழுந்த மரத்தில் இவையெல்லாம் எப்படிக் குடியேறுகின்றன, எது முதலில் வருகிறது, எது எதைத் தள்ளிவிட்டு இடம் பிடிக்கிறது என்பதுதான் அத்தையின் ஆராய்ச்சி. அதற்கு இரண்டு மழைக்காலம் விடாமல் அளக்க வேண்டும். அப்பா நெல்லும் கரும்பும் பயிர் வைக்கிறவர். மழையைக் காரணமாகச் சொன்னால் அவரால் மறுக்க முடியாது.

"ரெண்டு மழ பாக்கணும்ன்ற. செரி, பாத்துக்கோ. அதுக்கு மேல நான் இட்டுகினு வர்ற எடத்துக்கு நீ தலைய ஆட்டணும்" என்றார்.

அத்தை சரி என்றாள். இரண்டு மழை முடிந்து, ஆராய்ச்சியைப் புத்தகமாகக் கட்டிக் கையில் வைத்துக்கொண்டு நின்றால் அண்ணன் இன்னொரு முறை இறங்கி வருவார் என்று அவள் நம்பியிருந்தாள். அவளுடைய பேராசிரியர் வெளியூரில் மேற்கொண்டு ஆராய்ச்சி செய்ய இடம் பார்த்துத் தருவதாகச் சொல்லியிருந்தார். அப்பா இறங்கி வந்திருப்பார் என்றுதான் நானும் இன்று நினைக்கிறேன். தங்கச்சி விஷயத்தில் அவர் முறைப்பதெல்லாம் கொஞ்ச நேரத்துக்குத்தான்.

கல்யாணமாகாத பெண்ணைத் தனியாகத் தோப்புக்கு அனுப்ப முடியாது என்பதால் காவலுக்கு என்னை அனுப்பினார்கள். இருபத்தேழு வயதுப் பெண்ணுக்கு ஒன்பது வயதுக் காவல். யாராவது வந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று யாரும் யோசிக்கவில்லை. நான் என் பொறுப்பை ரொம்பப் பெரிதாக எடுத்துக்கொண்டேன். சனி, ஞாயிறுகளில் அத்தைக்கு முன்னால் நடந்து போவேன். அவள் மரத்தின் பக்கத்தில் மண்டியிட்டு வேலை செய்யும்போது நான் மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு நாலு பக்கமும் பார்ப்பேன்.

அடிமரத்தில் பன்னிரண்டு இடங்களில் அத்தை உள்ளங்கை அகலத்துக்குச் சதுரம் போட்டு வைத்திருந்தாள். நான்கு மூலையிலும் குண்டூசி குத்தி, அதைச் சுற்றி நூல் கட்டியிருந்தாள். தோப்புக்குள் இரும்பு கூடாதென்று பித்தளைக் குண்டூசியாகத் தேடி வாங்கினாள். அந்த அளவுக்கு அவளும் ஊர்க்காரிதான். முதலில் கட்டியது வெள்ளை நூல். ஒரே மழையில் அது அழுக்கேறிப் பட்டையின் நிறத்துக்கு வந்துவிட்டது. பிறகு பாகூர் கடைத்தெருவில் பூஜை சாமான் விற்கிற கடையில் சிவப்பும் மஞ்சளுமாக முறுக்கிய நூல்கண்டு ஒன்று வாங்கிவந்து கட்டினாள். சாயம் போகாது, தூரத்திலிருந்தே தெரியும் என்றாள். அவ்வளவு படித்தவளுக்கு அது எந்த நூல் என்று தோன்றவே இல்லை.

கட்டம் போட்ட கண்ணாடித்தாள் ஒன்றைச் சதுரத்தின் மேல் வைத்து, பாசி எத்தனை கட்டத்தில் இருக்கிறது, லைக்கன் எத்தனை கட்டத்தில் இருக்கிறது என்று எண்ணி நோட்டில் எழுதுவாள். லைக்கன் ஒரு வருஷத்துக்கு நகத்தில் பாதி அகலம்கூட வளராதாம். அதை எதற்கு வாராவாரம் வந்து பார்க்க வேண்டும் என்று நான் கேட்டேன். "அது எனக்குச் சொல்லிட்டா வளரும்?" என்று சிரித்தாள். வெயிலில் பாசி கருகி, காபித்தூள் ஒட்டினது போல இருக்கும். செத்துவிட்டது என்று நான் முடிவு கட்டியிருந்தேன். இரண்டாவது வருஷம் ஐப்பசியில் முதல் தூறல் விழுந்தபோது நாங்கள் அங்கேயே இருந்தோம். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கறுப்பு முழுவதும் பச்சையாக நிமிர்ந்தது. அத்தை குடையை மூடி வைத்துவிட்டு, நனைந்துகொண்டே மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் அதற்குப் பிறகு பார்த்ததாக நினைவில்லை.

நான் செய்தது அதற்கு அடுத்த வாரம் நடந்தது. அத்தை என்னை மரத்தருகே உட்கார வைத்துவிட்டு வாய்க்காலில் பாட்டிலுக்குத் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். வேலிக்கு வெளியே எதிர்வீட்டுப் பெரியம்மா மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தாள். அரிவாளை வேலியோரம் போட்டுவிட்டு நிழலுக்காக உள்ளே வந்தவள், மரத்தில் சிவப்பும் மஞ்சளுமாக நூலைப் பார்த்ததும் நேராக வந்து ஒன்றில் விரலை விட்டு இழுத்தாள். குண்டூசி ஒன்று ஆடியது. காவல்காரியான நான் துள்ளி எழுந்தேன். அளவு எடுக்கிற நூல் என்று சொன்னால் அவள் கேட்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

"அத அறுக்காத பெரியம்மா. அத்தை சாமிகிட்ட வேண்டிகினு கட்டினது. அறுத்தா கண்ணக் குத்திடும்" என்றேன்.

பெரியம்மாவின் கை சட்டென்று பின்வாங்கியது. இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள். "இன்னா வேண்டுதல்டி?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, மரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள். பெரியவள் ஒருத்தி என் ஒரு வார்த்தைக்கு இப்படி அடங்கிப் போனதில் எனக்கு உண்டான பெருமையைச் சொல்லி முடியாது. அத்தை தண்ணீரோடு வந்தபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் பொய் சொன்னதற்குத் திட்டுவாள்.

எதிர்வீட்டுப் பெரியம்மாவின் மருமகளுக்கு நான்கு வருஷமாகக் குழந்தை இல்லை. அடுத்த சனிக்கிழமை நாங்கள் போனபோது அத்தையின் சதுரங்களுக்குத் தள்ளி, ஒரு கிளையில், மஞ்சள் துண்டு கோத்த நூல் ஒன்று புதிதாகத் தொங்கியது. யார் கட்டியது என்று அத்தை என்னைக் கேட்டாள். தெரியாது என்று தோளைக் குலுக்கினேன். சரி, பாசிமேல் படவில்லை, இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள். அதற்கு மறுநாள் அவள் வெளியூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பதினைந்து நாள் பயிற்சி என்று ரயில் ஏறிப் போனாள். போகும்போது நோட்டை அலமாரியில் வைத்துப் பூட்டி, மரத்தைப் பார்த்துக்கொள்ளும்படி என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

பேச்சு எப்படிப் பரவும் என்று ஊரில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாம் நாள் அம்மா ரேஷன் கடையிலிருந்து வந்தபோது முகமே மாறியிருந்தது. என்னைச் சமையற்கட்டுக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கேட்டாள்.

"அத்தை வேண்டிகினு நூலு கட்டியிருக்குதுன்னு நீதான் சொன்னியாமே. நெசமா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சாமி பேரில் பொய் சொன்னதை ஒப்புக்கொள்ள வேண்டும். அம்மாவின் கையில் கரண்டி வேறு இருந்தது. நான் தலையை ஆட்டினேன். அம்மா அடிக்கவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லாமல், படிப்பு படிப்பு என்று சொல்லிக்கொண்டு, மனசுக்குள் இவ்வளவு ஆசையை வைத்துக்கொண்டிருந்திருக்கிறாளே, ஒரு மரத்துக்குத் தெரிந்தது தனக்குத் தெரியவில்லையே என்று அழுதாள். எனக்குக் குழப்பமாக இருந்தது. அடி விழவில்லை என்கிற நிம்மதிதான் பெரிதாக இருந்தது.

வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு, அம்மா என்னையும் அழைத்துக்கொண்டு தோப்புக்குப் போனாள். அம்மா அந்த மரத்தைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அத்தை அங்கே ஏதோ செடியைப் பார்க்கப் போகிறாள், இலையும் பூவும் உள்ள செடி, என்றுதான் அவள் நினைத்திருந்தாள். மரத்தைப் பார்த்ததும், "சாமிக்கு வேண்டிகினு கட்டின எடத்த இப்படியா பாசி புடிக்க வுடுவாங்க?" என்று முணுமுணுத்துக்கொண்டு புடவையை இழுத்துச் செருகினாள். தேங்காய் நார், புளி, சாம்பல் எல்லாம் கொண்டுவந்திருந்தாள். குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரிதான் தேய்த்தாள். அத்தை கட்டியவை என்பதால் அந்தப் பன்னிரண்டு சதுரங்களையும் முதலில், ரொம்ப அக்கறையாக, ஒரு நூல்கூட அறுபடாமல், குண்டூசி அசையாமல் தேய்த்தாள். பச்சை எல்லாம் கரைந்து அவள் முழங்கை வழியாக ஒழுகியது. லைக்கன் லேசில் விடவில்லை. அதை நகத்தால் சுரண்டினாள்.

நான் பக்கத்தில் நின்று சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினேன். வேண்டாம் என்று சொல்ல வாய்வரைக்கும் வந்தது. சொன்னால், ஏன் என்று அம்மா கேட்பாள். அதற்குப் பதில் சொன்னால் எல்லாம் வெளியே வந்துவிடும். பாசிதானே, மழை பெய்தால் மறுபடியும் வந்துவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தேய்த்த இடத்தில் அம்மா மஞ்சளைக் குழைத்துப் பூசிக் குங்குமம் வைத்தாள். கற்பூரம் ஏற்றினாள். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அம்மா தனக்கென்று அப்படி எதையாவது கேட்டு நான் பார்த்ததே இல்லை.

அத்தை திரும்பி வந்த நாளில் விடியற்காலையிலிருந்து மழை பெய்து ஓய்ந்திருந்தது. அளப்பதற்கு அதைவிட நல்ல நாள் கிடைக்காது. பையை வைத்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு, "வாடி, போலாம்" என்றாள். வயிற்று வலி என்றேன். கேட்கவில்லை. வழி முழுவதும் பேசிக்கொண்டே வந்தாள். பாசிக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி இருக்கிறதாம், எட்டுக் காலோடு கரடி போல நடக்குமாம், மைக்ராஸ்கோப்பில் பார்த்தாளாம், எனக்கும் ஒருநாள் காட்டுவாளாம். நான் அவளுக்குப் பின்னால் நடந்தேன்.

வேலியைத் தாண்டியதும் அவள் பேச்சு நின்றது. அம்மாவுக்குப் பிறகு ஏழெட்டுப் பேர் வந்து போயிருந்தார்கள். மரம் தலையிலிருந்து கால்வரை மஞ்சளாக இருந்தது. கற்பூரக் கரி, எண்ணெய், கண்ணாடி வளையல், எதிர்வீட்டுப் பெரியம்மா கட்டிய சின்ன மரத்தொட்டில். அத்தை மெதுவாகப் போய் மண்டியிட்டாள். அவளுடைய சதுரங்கள் பன்னிரண்டும் அப்படியே இருந்தன. உள்ளேதான் ஒன்றும் இல்லை.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் கண்ணாடித்தாளை எடுத்து முதல் சதுரத்தின் மேல் வைத்தாள். எண்ணுவதற்கு எதுவும் இல்லாவிட்டாலும் குனிந்து பார்த்தாள். நோட்டில் ஒரு சுழியம் போட்டாள். அடுத்த சதுரத்துக்கு நகர்ந்தாள். பன்னிரண்டையும் அப்படி அளந்து முடிக்கும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.

"யாருடி தேச்சது?" என்றாள்.

"அம்மா" என்றேன். ஏன் என்று கேட்டாள். நான் அழ ஆரம்பித்தேன். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை.

வீட்டு வாசலிலேயே அம்மா காத்திருந்தாள். இரண்டு கையாலும் அத்தையின் முகத்தைப் பிடித்துக்கொண்டாள். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா புள்ள? நான் இன்னா வேத்து மனுஷியா? நீ வேண்டினது நடக்கும். நானே என் கையால தேச்சி மஞ்சா பூசிட்டு வந்திருக்கிறேன்" என்றாள். அடுத்த வெள்ளிக்கிழமையும் போய்ப் பூசியதில் அம்மாவின் நகங்கள் அப்போதும் மஞ்சளாக இருந்தன. அத்தை அந்த நகங்களைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தாள். அந்த ஒரு பார்வையில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. நான் மாட்டுக்கொட்டகைக்குள் ஓடி ஒளிந்துகொண்டேன்.

அன்றைக்கே சாயங்காலம் பூசாரியும் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தார்கள். அப்பா பிளாஸ்டிக் நாற்காலிகளை எடுத்துப் போட்டார். பூசாரிக்குத் தோப்பில் தன்னைக் கேட்காமல் ஒரு வழிபாடு முளைத்ததில் வருத்தம். அதோடு, அது வேண்டுதலே இல்லை, காலேஜ் வேலைக்காகக் கட்டிய நூல் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வேண்டுதலாக இருந்தால் சரி, அய்யனார் ஏற்றுக்கொண்டார் என்று எடுத்துக்கொள்ளலாம். விளையாட்டுக்குச் சொன்னது என்றால், நம்பி வந்து கட்டிய அத்தனை பெண்களையும் ஏமாற்றியதாகும். அப்படிச் சொன்னவர்கள் ஈரத்துணியோடு கோயில் முன்னால் நின்று, ஊர் கேட்க, சொன்னது பொய் என்று சொல்ல வேண்டும். இதுதான் விஷயம்.

எதிர்வீட்டுப் பெரியம்மாவையும் கூப்பிட்டிருந்தார்கள். அவள் தயங்கித் தயங்கி, "இவங்க பொண்ணுதாங்க சொல்லிச்சி" என்று என்னைக் காட்டினாள். அவளுக்கு என்மேல் கோபமில்லை. அது பொய்யாக இருந்துவிடக் கூடாதே என்கிற பயம்தான் அவள் முகத்தில் இருந்தது. அப்பா எழுந்தார். கொடியில் தொங்கிய பெல்ட்டை எடுத்தார். சாமி பேரில் பொய் சொன்னால் வாய் கோணிவிடும் என்று பள்ளிக்கூடத்தில் பேசிக்கொள்வார்கள். எனக்கு அதற்குள்ளேயே வாய் கோணிவிட்டது போல இருந்தது.

"அவள ஒண்ணும் கேக்காதண்ணா. நான்தான் கட்டினேன். வேண்டிகினுதான் கட்டினேன்" என்று கதவருகே நின்ற அத்தை சொன்னாள்.

பூசாரி அவளைப் பார்த்து, "இன்னா வேண்டிகினம்மா?" என்று கேட்டார். அம்மாதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வயசுப் பொண்ணு வேற இன்னாங்க வேண்டப்போறா?" என்றாள். பெரியவர்கள் சிரித்தார்கள். எதிர்வீட்டுப் பெரியம்மா பெருமூச்சு விட்டாள். அப்பாவின் கை பெல்ட்டோடு கீழே இறங்கியது. தை பிறந்ததும் பாரு என்று பூசாரி விபூதி பூசிவிட்டுப் போனார். எனக்கு மட்டும் அன்றைக்கு நல்ல பசி. இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

பத்து நாளில் மூலக்குளத்திலிருந்து ஒரு வரன் வந்தது. மரம் வாய் திறந்துவிட்டது என்று ஊரே பேசியது. மாப்பிள்ளை ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர், சொந்த வீடு, அலட்டல் இல்லாத மனிதர். அத்தை இன்றும் அங்கேதான் இருக்கிறாள். இரண்டு பையன்கள். குறை சொல்ல முடியாத வாழ்க்கை என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவளும் சொல்கிறாள். அந்த ஆராய்ச்சி முடியவில்லை. நான் கல்லூரியில் சேர்ந்தபோது பேனா வாங்கிக் கொடுத்தாள். மரத்தைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் ஒருநாளும் பேசியதில்லை. எனக்கு இப்போது வயது இருபத்திரண்டு. வீட்டில் வரன் பேச்சு தொடங்கியிருக்கிறது. ஒருநாள் அம்மா பேச்சுவாக்கில், "உனுக்கும் அந்த மரத்துல ஒரு நூல கட்டிட்டு வரட்டா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து அந்தக் கார்த்திகைச் சாயங்காலம் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது.

அத்தையைப் பெண் பார்க்க வந்தவர்கள் அப்போதுதான் கிளம்பிப் போயிருந்தார்கள். மீந்த கேசரித் தட்டு என் மடியில் இருந்தது. அப்பா ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்த முகமாகச் சட்டைப் பட்டனைக் கழற்றிக்கொண்டிருந்தார். பட்டுப்புடவையோடு அத்தை அவர் எதிரில் வந்து நின்றாள்.

"அண்ணா, இந்த மழ வீணாப் போச்சி. தோப்புக்குள்ள இன்னொரு மரம் வியிந்து கெடக்குது. அதுல மொதல்லேருந்து ஆரம்பிக்கறேன். இன்னும் ஒரே ஒரு மழ குடுண்ணா" என்றாள்.

அப்பா கோபப்படவில்லை. அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. "இன்னாம்மா இது. நீதான வேண்டிகின? ஊருக்கு முன்னாடி நீதான சொன்ன? இப்ப வந்த வரன வேணான்னு சொன்னா சாமி குத்தம் ஆயிடாதா?" என்றார். பிறகு, ரொம்ப மெதுவாக, "நீ வேண்டிகினது நெசந்தான?" என்று கேட்டார். இல்லை என்று அவள் சொல்லியிருந்தால் அப்பா அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் நிறுத்தியிருப்பார். அந்தக் கேள்வியை அவர் கேட்டதே அதற்காகத்தான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

அத்தை திரும்பி என்னைப் பார்த்தாள். சொல்லப்போகிறாள், ஈரத்துணியோடு என்னைக் கோயில் முன்னால் நிறுத்தப்போகிறார்கள் என்று பயந்தேன். சமையற்கட்டு வாசலில் அம்மா காபி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள்.

"ஆமாண்ணா, நெசந்தான்" என்றாள்.

அவள் கேட்ட அந்த ஒரு மழை என் கையில் இருந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது. அவள் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை என்பது மட்டும்தான் தெரிந்தது. நான் அவளைப் பார்த்துச் சிரித்தேன்.